முகாம் சோறு

மாசி 13, செவ்வாய்க்கிழமை

இன்று கணவர் கடலில் இருந்து கொண்டுவந்த பாரைமீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, கூட்டாஞ்சோறு ஆக்கினேன். இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில் அம்மா நிவாரண அரிசியையும் பருப்பையும் கிடைத்த காய்களையும் ஒரே பானையில் போட்டு அவிப்பார். அப்போது அதைக் கண்டாலே எனக்கு அழுகை வரும். எங்கள் ஊர் பேசாலைக்குத் திரும்பி இத்தனை வருடங்களுக்குப் பிறகு, ஏனோ இரண்டு நாளாக அதே சோற்றுக்கு நாக்கு ஏங்கியது.

பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. "என்னம்மா, காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சோறு மாதிரிக் கிடக்கு" என்றாள் மகள். எனக்குக் கோபம் வந்தது. நான் மட்டும் இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் வீடியோ அழைப்பில் எடுத்தார். அவர் இன்னும் அதே முகாமில்தான் இருக்கிறார். திரும்பி வருவதற்கான கடதாசி இழுபட்டுக்கொண்டே போகிறது.

என் கோப்பையில் இருந்த சோற்றைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்னடி இது? அங்கயும் இதுதானோ? மச்சான் தொழிலுக்குப் போறேல்லையோ?"

"போறவர் அண்ணா. பிள்ளையள் ஆசைப்பட்டுக் கேட்டதுகள், அதான்."

ஆசை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

"நாங்கள் இண்டைக்கும் அதுதான் சாப்பிட்டனாங்கள். பிள்ளையளை இதுக்குப் பழக்காதை."

"ஓம் அண்ணா" என்றேன். மிச்சத்தைச் சாப்பிடவும் கொட்டவும் மனம் வராமல் மூடி வைத்திருக்கிறேன். கடதாசி என்னவாயிற்று என்று இன்று அவரிடம் கேட்கக்கூட இல்லை.