கட்டுக்குக் காப்பீடு இல்லை

இன்று காலை கோட்டாற்று மருந்துக்கடையில் கடைக்காரர் கை தவறி அயோடின் குப்பி விழுந்து உடைந்தது. காட்டமான அந்த வாசனை எழுந்ததும் வாங்க வந்ததை மறந்து நின்றுவிட்டேன். நீ போய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. ஆனாலும் அந்த வாசனையில் நீதான் வந்தாய்.

நெய்யூரில் நாம் ஒன்றாக நர்சிங் படித்தோம். நீ சவுதிக்குப் போனாய். நான் முதுகுவலியால் வார்டை விட்டு, நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசைக்கு வந்தேன். திரும்பி வந்த நீ அஞ்சுகிராமத்தில் இரண்டு அறை எடுத்து, டாக்டர்கள் எழுதிக் கொடுத்தபடி ஊசி போடவும் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போடவும் தொடங்கினாய். ஆறாது என்று விட்ட புண்கள் உன் கையில் ஆறின.

அரசுக் காப்பீட்டு அட்டை வந்த புதிதில் போன் செய்தாய்.

"ஏட்டி, எல்லாரும் கார்டத் தூக்கிட்டு வாறாவ. நான் எப்பிடி பில் போடணும்?"

நர்ஸ் பெயரில் பில் போகாது, டாக்டர் வேண்டும், படுக்கை வேண்டும் என்றேன்.

"ஒரு டாக்டர் கூட இருந்தா?"

"இருந்தாலும் கெட்டு போடுகதுக்குக் கெடைக்காது மக்கா. ஆப்பரேசனுக்குத்தான் கெடைக்கும்."

"அப்பம் கால வெட்டுனா குடுப்பான். வெட்டாம காப்பாத்துகதுக்குக் குடுக்க மாட்டான். இல்லியா?"

விதியை நான் எழுதவில்லை என்றேன்.

லூர்தம்மாவை நினைக்கிறேன். கடற்கரையிலிருந்து மீன் சுமந்து வந்து விற்பவர். குதிகாலில் புண். தினமும் கட்டினாய். அடியில் சிவந்த சதை வளர்வதைக் காட்டி, "பாத்தியா, பொழைச்சுக்கிடும்" என்றாய். கையில் காசில்லாதவரிடம் நீ எதுவும் வாங்கவில்லை. அதுவே அவரைக் கூச வைத்தது. வருவதை நிறுத்தினார். கூடையோடு மறுபடி நடந்தார். கடைசியில் காய்ச்சலோடு, அட்டையோடு, எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்.

காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியதை நான் போனில் சொன்னதும் அடுத்த பஸ்ஸில் வந்தாய். "டாக்டர், தெனமும் நான் வந்து கெட்டுகேன். ஒரு தடவ பாருங்க" என்று கெஞ்சினாய்.

"கொஞ்சம் முந்தி வந்திருந்தா யோசிச்சிருக்கலாம் சிஸ்டர். எலும்புக்கு ஏறிட்டு."

நீயே துணியை விலக்கிப் பார்த்தாய். அவர் சொன்னது சரி என்று உன் முகத்தில் தெரிந்தது. லூர்தம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டார். "கோவப்படாத மோளே. ஓசியில எத்தன நாளு கால நீட்டுகது? இதுக்குன்னா கார்டு உண்டு."

நான் கம்ப்யூட்டரில் காகிதத்தை அனுப்பினேன்; சாயங்காலத்துக்குள் காப்பீட்டு ஒப்புதல் வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு, வெட்டிய இடத்தில் போடும் கட்டுக்கும் அட்டை செல்லவில்லை. நீதான் போனாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூட வந்தேன். துணியைச் சுற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "நீ கம்ப்யூட்டர்ல பேரத்தான் பாக்க. இனி ஒரு தடவ காலப் பாத்துட்டு அனுப்பு."

எனக்குக் கோபம் வந்தது. "நான் பாத்து என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாண்டாம். பாரு."

நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோன பிறகும் அதே மேசையில்தான் இருக்கிறேன். விதியும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கால் எடுக்கும் காகிதம் வந்தால் மாடியேறி வார்டுக்குப் போகிறேன். போர்வையை விலக்கி, புண் எப்படி வந்தது என்று கேட்கிறேன். ஒரே ஒரு முறை ஒருவரின் புண்ணில், நீ காட்டிய அந்தச் சிவப்பைக் கண்டேன். டாக்டரிடம் சொன்னேன். அவர் வந்து பார்த்து, கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்றார். அந்த மனிதர் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனார். பிறகு என்ன ஆயிற்றோ, தெரியாது.

மற்றவர்களுக்கு எதுவும் மாறவில்லை. கீழே இறங்கி வந்து காகிதத்தை அனுப்பிவிடுகிறேன். ஆனால், பார்க்காமல் அனுப்புவதில்லை.