சிரிக்கிற மூஞ்சியை அழுத்தச் சொன்னவன்

என் செல்ல மாப்ளே ரமேஷு,

அண்டசராசரமும் நடுங்க விசில் ஊதும் உன் தாய்மாமன், இரண்டாம் நம்பர் கேட்டின் செக்யூரிட்டிச் சக்கரவர்த்தி எழுதுகிறேன். நீயே உன் உயிரை முடித்துக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. நம் கம்பெனி இருக்கிற ஹெப்பகோடியில் தூசி இன்னும் இமயமலை உயரத்துக்குத்தான் பறக்கிறது.

கம்பெனியில் மனநல வாரம். யானை படுத்துப் புரளுகிற அளவுக்கு பேனர். கேட்டில் கார்டைத் தேய்த்ததும் சிரிக்கிற மூஞ்சி, சும்மா மூஞ்சி, அழுகிற மூஞ்சி என்று மூன்றில் ஒன்றை அழுத்தச் சொல்லுமே, அந்த மெஷினுக்கு மாலை வேறு போட்டிருக்கிறார்கள். மாலை எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் பெயின்டிங் செக்‌ஷன் பசவராஜ் அழுகிறதை அழுத்தினான். உள்ளே கூப்பிட்டு அன்பாகப் பேசினார்களாம். மறுவாரம் அவன் கார்டுக்குக் கேட் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஊழியர் அத்தனை பேரும் ஆனந்த சாகரத்தில் மிதக்கிறார்கள். நானும்தான், தினமும் சிரிப்பையே அழுத்துகிறேன்.

எட்டு மாதம் முன்னால் ஒரு காலையில் உன் விரலும் அழுகிற மூஞ்சி மேலேயே நின்றது. கத்தினவன் நான். "டேய் மாப்ளே, என்னடா ஜோசியமா பாக்குற? சிரிக்கிறதை அழுத்துடா, கியூ ஓசூர் வரைக்கும் நிக்குது!" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், அழுத்தினாய். சாயங்காலம் உன் புது ஹெல்மெட்டைக் கொண்டுவந்து, "நீயே வெச்சிக்கோ மாமா, எனக்கு எதுக்கு?" என்றாய். கிரீடம் மாதிரி மாட்டிக்கொண்டு மூன்று நாள் பவனி வந்தேனே! ஏன்டா கொடுக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? நாலாம் நாள் உன் அம்மா போன் பண்ணினாள்.

நீ வேலை பார்த்த லைனில் இப்போது கவிதா என்று ஒரு சந்தாபுராப் பொண்ணு. இன்று காலை அவள் விரலும் அதே இடத்தில் நின்றது. பிறகு சிரிப்பை அழுத்திவிட்டு, குடையை என் மேஜையில் வைத்தாள். வானம் கருகருவென்று இருந்தது.

"மழை வரும்மா, சாயங்காலம் வாங்கிக்கோ."

"நீங்களே வெச்சிக்கோங்கண்ணா. எனக்கு எதுக்கு?"

என் முதுகுத்தண்டில் ஒரு ஐஸ் ஃபேக்டரியே திறந்துகொண்டது. சூப்பர்வைசருக்கு போன் போட்டேன். "சிஸ்டம்ல சிரிச்ச மூஞ்சிதான் காட்டுது குரு, விடு," என்றார்.

ஷிஃப்ட் முடியப் பத்து நிமிஷம். குடை என் எதிரே சாய்ந்து நிற்கிறது.

சத்தியம் பண்ணுகிறேன் மாப்ளே. இன்றைக்கு ஜோக் அடிக்க மாட்டேன். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பேன். அவள் சிரித்து மழுப்பினாலும் விடாமல், வீட்டு ஆட்களிடம் சேர்க்கிற வரைக்கும் கூடவே போவேன். கியூ சேலம் வரைக்கும் நிற்கட்டும். நாளைக் காலையில் அந்த மூன்றாவது மூஞ்சியை முதல் ஆளாக நானே அழுத்துவேன். என் கார்டுக்குக் கேட் திறக்காவிட்டால் போகட்டும்.

சைரன் ஊதுகிறது. எழுந்துவிட்டேன்.

உன் ஹெல்மெட்டை மாட்டவும் முடியாமல், யாருக்கும் கொடுக்கவும் முடியாமல் வைத்திருக்கிற
உன் தாய்மாமன்