மருதையன் கழுத்தில் போட்ட துண்டு

11-1-83

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறார்கள். வீடெல்லாம் சுண்ணாம்பு நெடி. அதற்கு நடுவில் ஜெக்கரியா பாயின் சினிமாக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். கூத்தாநல்லூரில் ஸ்டுடியோ வைத்திருந்த மனிதர். வருஷா வருஷம் நம் பள்ளிக்கூடத்துக்கு குரூப் போட்டோ எடுக்க வருவார். இப்போது டைரக்டர்.

வாய்க்கால் கரையில் வேடிக்கை பார்த்தேன். காமிராவை ஓரிடத்தில் நட்டால் அசைப்பதில்லை. நடிகர்களிடம், "மூச்சை அடக்குங்க" என்கிறார். பத்து எண்ணிய பிறகுதான் நடிப்பு. முடிந்தும் பத்து எண்ணுகிறார். காமிராமேன் ரெங்கசாமி பட்டணத்துக்காரர், என் பக்கம் குனிந்து, "காமிராவ நகத்துற டிராலி வெயில்ல காயுது சார். கல்யாண குரூப் போட்டோ எடுக்க வந்த மாதிரி இருக்கு, பொண்ணு மாப்பிள்ளைதான் இல்ல" என்றார்.

எனக்குப் புரிந்தது. கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு வாத்தியார் ஒதுங்கி நின்றால் பிள்ளை கணக்கைப் பார்க்கும். பிரம்போடு உலாத்தினால் பிரம்பைப் பார்க்கும். பாய் ஒதுங்கி நிற்கிறார். ஒரே ஒரு போட்டோ பிளேட்டில் முப்பது பிள்ளைகளை எடுத்த கை அது.

12-1-83

பள்ளிக்கூடத்துப் பழைய கை வைத்த நாற்காலி கிடைக்குமா என்று பாய் கேட்டனுப்பினார். எதற்கென்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

14-1-83

பொங்கல். வீட்டுக்காரி நீலாம்பாள் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் இலையில் உட்கார்ந்தேன்.

எழுதிவிடுகிறேன். பதினான்கு வருஷமாக இந்த நோட்டில்கூட எழுதாதது.

அறுபத்தொன்பது, சம்பா அறுப்பு. புது ஆட்சி வந்து இரண்டு வருஷம். இனிமேல் கேட்டால் கிடைக்கும் என்று சனங்கள் நம்பிய நேரம். கூலி நெல் கூடுதலாகக் கேட்டு அறுப்பை நிறுத்தியவன் கீழத்தெரு மருதையன். மூன்றாம் நாள் வாய்க்காலில் கிடந்தான். கால் தவறி விழுந்து மதகுக் கல்லில் அடிபட்டதாகப் போலீஸில் எழுதியாயிற்று. பிரேதத்தை அறுத்துப் பார்க்கவில்லை.

எரிப்பதற்கு முன் ஒரு படம் வேண்டும் என்றாள் அவன் மனைவி ராசம்மாள். உயிரோடு எடுத்த படம் ஒன்றுமில்லை. நான்தான் பாய்க்கு ஆள் அனுப்பினேன். பள்ளிக்கூடத்திலிருந்து என் நாற்காலியைக் கொண்டுவந்து அவனை உட்கார்த்தினார்கள். இடது கழுத்தில் அரிவாள் வெட்டு, வாய் திறந்தது போல. பாய் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, "சார், இப்படியே எடுத்தா சுவத்துல மாட்ட முடியாது" என்றார். என் தோளில் கிடந்த பச்சைக்கரைத் துண்டை மடித்து அவன் கழுத்தில் போட்டேன். முகவாயை நிமிர்த்திவிட்டேன். அழகாகத்தான் இருந்தான்.

விவசாயச் சங்கத்தார் போராடி விசாரணை வந்தது. வெட்டுக் காயம் என்றாள் ராசம்மாள். மிராசுதார் தரப்பு வக்கீல் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினார். "எங்கே காயம்?"

துண்டுக்கு அடியில் இருக்கிறது என்று சொல்ல இரண்டு பேர் இருந்தோம். எங்களைக் கூப்பிடவில்லை. நாங்களாகப் போகவும் இல்லை. எனக்கு வேலை போய்விடுமென்று பயம். பாய் அந்த மாசமே ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுப் பட்டணம் போனார்.

17-1-83

பாய் வீட்டுக்கு வந்தார். காபி ஆறிப்போயிற்று.

"அந்தக் காட்சிய எடுக்கப் போறேன் சார். அதே நாற்காலி, அதே தூரம். காமிராவ ஏன் நகத்த மாட்டேங்கிறன்னு எல்லாரும் கேக்கறாங்க. அன்னிக்கு நான் அவனோட இடது பக்கமா ரெண்டடி தள்ளி நின்னிருந்தா துண்டோரத்துல காயம் தெரிஞ்சிருக்கும். நல்லா இருக்கணும்னு நேரா நின்னேன். அன்னிக்கு நின்ன எடத்த இப்ப நகந்து நகந்து மறைக்க எனக்கு இஷ்டமில்ல."

பிறகு கேட்டார். "துண்டு போடுற கை உங்க கையா இருக்கணும். வருவீங்களா?"

காயத்தை மூடியது நான் என்று ராசம்மாளிடம் சொல்லாமல் எப்படி? வேடிக்கை பார்க்க வந்து நிற்பாளே. அங்கே, கும்பலோடு கும்பலாகவா அவள் தெரிந்துகொள்ள வேண்டும்?

18-1-83

கீழத்தெரு முனைவரை போனேன். திரும்பிவிட்டேன்.

19-1-83

போனேன். சுவரில் அந்தப் படம். என் துண்டு. பதினான்கு வருஷமாக அந்த வீட்டு வாசலைத் தாண்டாததற்கு இதுதானே காரணம்?

"ராசம்மா, நீ சொன்ன காயம் அவன் கழுத்துல இருந்துச்சு. நான்தான் மூடினேன்."

முறத்தைக் கீழே வைத்தாள். "குளிப்பாட்டுனது நானு. எனக்குத் தெரியாதுங்களா வாத்தியாரய்யா? துண்டு போட்டப்பவும் பக்கத்துலதான நின்னேன். நல்ல மனசோடதான் போட்டீங்க."

படத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பொண்டாட்டி சொல்லு சபையேறல. வாத்தியார் சொல்லியிருந்தா ஏறியிருக்கும். அதுக்குத்தான் விசாரணையன்னிக்கு வாசப்பக்கமே பாத்துக்கிட்டு இருந்தேன்."

எழுந்து வந்துவிட்டேன்.

21-1-83

எடுத்தாயிற்று. ரெங்கசாமி காமிராவை ஓடவிட்டார். பாய் பத்து எண்ணினார். துண்டை மடித்தேன், நடிகனின் கழுத்துவரை கொண்டுபோனேன். அங்கே சாயம் பூசிய வெட்டு. கை நின்றுவிட்டது. "போடுங்க சார்" என்றது யாரோ. காமிரா அசையவில்லை. வேறு பக்கம் திரும்பியிருந்தால் தப்பித்திருப்பேன். அது பார்த்துக்கொண்டே இருந்தது. அதன் பின்னால், பெண்களோடு ராசம்மாளும்.

துண்டை என் கையிலேயே வைத்துக்கொண்டேன். ரெங்கசாமி இரண்டு தடவை பாயைப் பார்த்தார். ஃபிலிம் தீர்கிறவரைக்கும் பாய் நிறுத்தச் சொல்லவில்லை.

2-2-83

காலையில் ராசம்மாள் வந்தாள். சுவரிலிருந்த படத்தைக் கழற்றி முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். மேசையில் கவிழ்த்து வைத்து, "பின்னால எழுதிக் குடுங்க" என்றாள். என்னவென்று சொல்லவில்லை.

எழுதினேன். 'இடது கழுத்தில் நான்கு விரற்கடை நீளம் அரிவாள் வெட்டு. கண்ணால் கண்டேன். அதை மூடிய துண்டு என்னுடையது.' தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவை என்றாள்.

மை காயும்வரை நின்றாள். எந்தப் பக்கம் தெரிய மாட்டுவாள் என்று நான் கேட்கவில்லை.