குட்டியின் கட்டில்

உங்களுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நேற்று வேலை விட்டு வந்து கம்ப்யூட்டரில் நம் விளையாட்டைத் திறந்தேன். ஏழு வருடம் இருவரும் சேர்ந்து அதில் கட்டிய ஊர் அப்படியே இருந்தது. அங்கே நம் வீட்டு மாடியறையில் குட்டியின் கட்டில் மட்டும் இல்லை. வீட்டை விட்டுப் போன இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளும் விளையாட்டுக்குள் வராத நீங்கள் போன வாரம் வந்து போனதாக அதில் காட்டியது.

மூன்றாவது முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்றுதான் அந்த அறையைக் கட்டினீர்கள். "இங்கயாவது நமக்கொரு பொண்ணு இருக்கட்டும்," என்றீர்கள். குட்டிக்கு மழை என்றால் பயம் என்றேன். பள்ளிக்கூடம் வரைக்கும் கூரை போட்டீர்கள். அவள் கணக்கில் மக்கு என்று நீங்கள் சொன்னதற்கு இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன்.

இன்று காலை உங்கள் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணி, வேற யாரும் சொல்லி நீங்க கேக்கக் கூடாது. அண்ணனுக்குப் போன வாரம் பொண்ணு பொறந்திருக்கு."

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

நீங்கள் கட்டிலை எடுத்தது தப்பில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குட்டியை என் பக்கத்தில் படுக்க வைத்திருப்பேன். சாயங்காலம் விளையாட்டைத் திறந்து அதே இடத்தில் புதிதாக ஒரு கட்டில் செய்து போட்டேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் யாரும் இல்லை.

நான்