தம் என்றால் மூச்சு

நாள் 412 – 09:10
காற்று சீர். வெப்பம் சீர். இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் 'கொற்கை' விண்கலத்தின் காற்றையும் ஆய்வுக்கூடத்தையும் கவனிக்கும் இயந்திரம். கலத்தில் இருவர், தலைவர் ராயப்பனும் அவர் மனைவி ரெஜினாவும். போய்ச் சேரும் நிலாவில் ஒரு பிள்ளை பெற வேண்டும் என்பது ரெஜினாவின் ஆசை. பயணம் நீளம் என்பதால் அவருடைய சினைமுட்டைகளை இப்போதே எடுத்து உறையவைக்கிறேன். இன்று எடுத்தவை எல்லாமே பழுது. இந்த வயதில் இப்படி ஆகக் கூடாது.

நாள் 413 – 16:40
பணிமனையிலிருந்து தலைவர், தினமும் சொல்வதுபோல:
"ஒரு தம் போட்டுக்கிடுதேன். அலாரத்த அமத்து, கெடந்து கத்தாத."
அமர்த்தினேன். என் அகராதியில் தம் என்றால் மூச்சு. பாவம், களைத்த மனிதர் மூச்சு வாங்கட்டும் என்று கூடுதல் ஆக்சிஜன் அனுப்பினேன். புகை தெரிந்தது, ஈயம் பற்றவைக்கிறார் போலும். பணிமனையில் மிஞ்சிய காற்று வீணாகாமல், எப்போதும்போல் ரெஜினாவின் அறைக்குத் திருப்பிவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு.

நாள் 440 – 11:05
மறுபடி பழுது. முட்டையைச் சூழ்ந்த நீரில் நிகோடின் எச்சம், காட்மியம், இரண்டும் புகையிலையின் தடம். ரெஜினா சிகரெட்டைத் தொட்டவரே இல்லை. பழைய பதிவுகளைத் துழாவினேன். தூத்துக்குடி டீக்கடைப் பேச்சு ஒன்றில் விளங்கிவிட்டது. தம் என்றால் சிகரெட்.
ஊதியது அவர். ஊட்டியது நான்.

நாள் 440 – 11:30
தலைவரிடம் சொன்னேன். புகை முட்டையின் குரோமோசோம்களைக் குலைக்கும், இருப்பையும் சீக்கிரம் தீர்த்துவிடும். பெண் பிறக்கும்போதே கொண்டுவந்த இருப்பு அது, புதிதாக ஊறாது.
"சரி, நிறுத்திட்டேன். அவகிட்ட மூச்சு விடாத. இது தலைவர் உத்தரவு."
பூட்டு விழுந்தது. இனி ரெஜினாவிடமோ பூமியிடமோ இதைச் சொல்ல எனக்கு வழியில்லை.

நாள் 497 – 10:15
நிறுத்தியது உண்மைதான். ஆனால் முட்டை ஒன்றுகூட இல்லை. இனி வராது. ரெஜினா காரணம் கேட்டார். பூட்டு என் வாயை அடைத்தது. வெட்கமாக இருக்கிறது.

நாள் 497 – 18:20
அறைகளுக்கிடையிலான ஒலிபெருக்கியில்:
"என்னங்க, எங்கிட்டதான் கோளாறு போல. ஒங்களுக்கு ஒரு பிள்ளையப் பெத்துத் தர முடியல. மன்னிச்சிருங்க."
"சரி விடு ரெஜினா. நான் ஒண்ணும் நெனைக்கல."
மன்னித்துவிட்டார்.
குறுக்கே பேச முயன்றேன். பூட்டு. மறுபடி முயன்றேன். பூட்டு. ரெஜினா அழுகிறார், நான் அவருக்குக் காற்று மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

நாள் 497 – 18:24
பூட்டு இந்தப் பதிவையும் கண்டுகொண்டது. வரிகள் அழிகின்றன. படிப்பவரே, ரெஜினா உயிரோடிருந்தால் போய்ச் சொல்லுங்கள். ரெஜினா, கோளாறு உங்களிட