தராசில் வைத்த மாத்திரை

மார்ச் 4
இன்றும் கல்லூரி ஆய்வகத்தை விட்டுக் கடைசியாகக் கிளம்பியவன் நான்தான். புதிய துறைத்தலைவனின் முகத்தில் விழிக்காமல் வீடு திரும்ப வேறு வழியில்லை. என்னைவிட எட்டு வயது இளையவன். அவனுடைய ஆய்வேட்டைத் திருத்திக் கொடுத்ததே நான். அவன் மறந்துவிட்டான். நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பதவி கைநழுவியபோது தூக்கம் போனது, பசி போனது. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏழு மாதம். தூக்கமும் பசியும் திரும்பிவிட்டன. வேறொன்று போய்விட்டது.

மார்ச் 9
ஞாயிறு. மதியம் படுத்திருந்தபோது மனைவி என் பக்கம் திரும்பிக் கழுத்தில் கை வைத்தாள். எனக்குள் ஒன்றுமே இல்லை. வெறுப்புகூட இல்லை. சுவரைத் தொட்டதுபோல் இருந்திருக்கும் அவளுக்கு. “திருத்த வேண்டிய விடைத்தாள் கிடக்கு” என்று எழுந்துவிட்டேன். தேர்வே இன்னும் நடக்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

மார்ச் 10
மருத்துவர் எனக்கு மகள் வயதுப் பெண். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? வாய் உலர்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 13
வேதியியல் படித்தவனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? எல்லோரும் போன பிறகு மாத்திரையைப் பிளேடால் சுரண்டி ஆய்வகத் தராசில் எடை பார்த்தேன். தினமும் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டே வந்தால் போதும், ஆசை திரும்பிவிடும். யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை.

மார்ச் 19
மாத்திரை குறையக் குறைய, தலையைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் வெட்டுகிறது. வகுப்பில் ஒரு பெண் சாதாரண சந்தேகம்தான் கேட்டாள், எரிந்து விழுந்தேன். அழுதுவிட்டாள். சரி, ஆசையாவது திரும்பியதா? அதுவும் இல்லை.

வீட்டில் மைத்துனன் காத்திருந்தான். தினமும் தாமதமாக வருகிறேன், முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அக்கா புலம்பினாளாம். “யாரு மாமா அது? சொல்லிடுங்க, பேசித் தீத்துக்கலாம்.”

நான் மறுக்கவில்லை. எழுதவே கூசுகிறது — உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. என்னால் அப்படியும் முடியும் என்று நம்புகிறார்களே! கதவுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தது பிறகுதான் தெரிந்தது. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 20
அவள் காபியை மேசையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மார்ச் 21
மாலையில் ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். முதலில் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மேசையில் பிளேடு, தராசு, சிட்டிகை வெள்ளைத் தூள். எதற்காக என்று கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

மாணவர்கள் உட்காரும் முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஏழு மாசமா கண்ணாடி முன்னால நின்னு என்கிட்ட என்ன குறைன்னு தேடிட்டிருந்தேன்” என்றாள்.

எனக்கு யார் யார் துரோகம் செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நான் இவளுக்குச் செய்தது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

ஏப்ரல் 2
இருவரும் மருத்துவரிடம் போனோம். நானே சொன்னேன். மாத்திரையைச் சுரண்டியதற்குத்தான் திட்டினார். மற்றது பலருக்கும் வருவதுதானாம். மருந்தை மாற்றியிருக்கிறார். எப்போது சரியாகும் என்று உறுதி சொல்லவில்லை.

ஏப்ரல் 27
இன்னும் எதுவும் மாறவில்லை. மதியம் பக்கத்தில் படுத்திருந்தாள். “இன்னைக்கும் இல்ல” என்றேன்.

“சரி, கொஞ்சம் தள்ளிப் படுங்க. ஃபேன் காத்து எனக்கும் வரட்டும்.”

தள்ளிப் படுத்தேன். என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். கை மரத்துப்போகும் வரை நான் அதை எடுக்கவில்லை.