என் பெயருக்கு நேரே செண்பகத்தின் கைநாட்டு

மாதனூர்,
1927 வருஷம் நவம்பர் மாதம் 9 தேதி.

சித்தூரில் உபதேசியார் படிப்புப் படிக்கும் என் வீட்டுக்காரருக்கு, பூவம்மாள் மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொள்வது. நானும் மகள் அமிர்தவள்ளியும் தேவ தயவால் சுகம். உங்கள் சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறோம்.

இதுவரை உங்களுக்கு வந்த காகிதமெல்லாம் பள்ளிக்கூட டீச்சரம்மா எழுதியது. இது என் கையால் எழுதுவது. அவரிடம் இந்த வருஷம்தானே எழுதக் கற்றுக்கொண்டேன், எழுத்து கோழி கிளறினது போல இருக்கும், பொறுத்துப் படியுங்கள். இன்னொருவரிடம் சொல்லி எழுதவைக்கக் கூடிய சங்கதி இல்லை இது.

முதலில் வீட்டுச் செய்தி. மழை நன்றாகப் பெய்து பாலாற்றில் தண்ணீர் போகிறது. பின்சுவர் ஊறி ஒரு முழம் சரிந்தது. உங்கள் தங்கை செண்பகமும் நானும் மண் குழைத்து அடைத்துவிட்டோம். அமிர்தவள்ளிக்கு இருமல் விட்டது. தோல் கிடங்கில் நிசார் அஹமது சாயபு என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை விசாரிக்கிறார். உங்களைப் போல வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லையாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்திருந்தார். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நீங்கள்தான் இந்த ஊருக்கு உபதேசியார் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அத்தோடு நிறுத்தினாரா? வருகிற 27ஆம் தேதி அறுப்புப் பண்டிகையில் உபதேசியாரின் மனைவி எழுந்து, தான் ஞானஸ்நானம் பெற்ற நாளைப் பற்றிச் சபைக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். சபை முழுதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் செண்பகத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

என்ன சாட்சி சொல்லட்டும்? ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த வைகாசியில், இங்கே பந்தல் போட்டு நாற்பத்தாறு பேர் தலையில் தண்ணீர் தெளித்த அன்று, நான் நாட்றம்பள்ளியில் தாய்வீட்டில் கெங்கையம்மனுக்குப் பொங்கல் பானையில் மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இது வேண்டாம் என்று உங்களோடு சண்டை போட்டுவிட்டுத்தான் போனேன். குடும்பமாக வந்தால்தான் சபைப் புத்தகத்தில் பெயர் எழுதுவோம் என்று அப்போதிருந்த உபதேசியார் சொன்னாராம். அதற்காக, ஏற்கெனவே தண்ணீர் வாங்கி முடித்த செண்பகத்துக்கு என் கல்யாணப் புடவையைச் சுற்றி, முக்காடு போட்டு, கடைசி ஆளாக என் பெயரில் மறுபடியும் நிறுத்தினீர்கள். அவளுக்கு இரண்டு ஞானஸ்நானம், எனக்கு ஒன்றும் இல்லை. ரூத் என்று ஒரு பெயர் மட்டும் வீடு தேடி வந்தது. அப்போது நானும் கேட்டுச் சிரித்தேன், அதை மறைக்கவில்லை.

அந்தச் சிரிப்பு போன வருஷம் நின்றது. கிடங்கில் என்கூட வேலை செய்யும் செல்லம்மாளைத் தெரியுமல்லவா? நான் தோல் துண்டு திருடினேன் என்று கோள் சொல்லி என்னைப் பதினைந்து நாள் வீட்டில் உட்காரவைத்தவள். அவள் தோல் ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் சறுக்கி விழுந்து இரண்டு காலும் வெந்துபோனது என்று உங்களுக்கு எழுதவைத்திருந்தேன். நான் அவளைக் கவனித்துக்கொண்டதை எழுதவைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். போன இடத்தில் புண்ணைக் கழுவ ஆள் இல்லை. உட்கார்ந்து கழுவினேன். நாற்பது நாள் கழுவினேன். ஒரு நாள் எண்ணெய் தடவும்போது, அவள்மேல் எனக்கிருந்த வெறுப்பை உள்ளே தேடிப் பார்த்தேன், காணோம். பயந்துபோனேன். என் குணம் உங்களுக்குத் தெரியும், இது என் குணமே இல்லை. என் கைக்குள் வேறொருவருடைய கை இருந்தது. அன்றிலிருந்து அவர் போகவில்லை. தண்ணீர் சேந்தும்போதும் தோல் உலர்த்தும்போதும் கூடவே இருக்கிறார். தேவனோடு ஐக்கியம் என்று போதகர் சொல்வது இதைத்தானோ என்னவோ. எனக்குப் பெரிய வார்த்தைகள் தெரியாது.

பேஜார் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கூடவே இருக்கிறவரிடம் எதை மறைக்க முடியும்? நான் ஜெபிக்க உட்கார்ந்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பொய் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது. அதை வைத்துக்கொண்டு, கோவிலில் கொடுக்கும் ராப்போஜன அப்பத்தை வாயில் போட எனக்கு வரவில்லை. ராப்போஜனத்தன்று மட்டும் எனக்குத் தலைவலி வரும் என்று ஊரே நம்புகிறது.

போதகரிடம் தனியாகப் போய், எனக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை, உங்களை நினைத்துத்தான். அவர் சிரித்தார். ஞானஸ்நானம் ஒரே தரம்தான் அம்மா, உனக்கு வைராக்கியம் ஜாஸ்தி என்று சொல்லிப் பதிவுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். பூவம்மாள் என்கிற ரூத் என்று எழுதி, நேரே செண்பகத்தின் கட்டைவிரல் ரேகை. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அவரைக் குறை சொல்லி என்ன, புத்தகத்தில் இருப்பதைத்தானே அவர் நம்புவார்.

இதை டீச்சரம்மாவுக்கு விளங்காதபடி சுற்றிவளைத்துப் போன மாதம் உங்களுக்கு எழுதவைத்தேன். நீங்கள் போட்ட பதிலை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். தண்ணி இன்னா பெரிய விஷயம், மனசுதான் முக்கியம், வாயை மூடிக்கினு இரு என்று எழுதியிருந்தீர்கள். தண்ணீர் பெரிய விஷயம் இல்லையென்றால் செண்பகத்துக்கு எதற்கு என் புடவையைச் சுற்றினீர்கள்? மனசுதான் முக்கியம் என்றால் என் மனசு சொல்வதை ஏன் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்? உங்கள் வசதிக்கு ஒரு நாள் தண்ணீர், ஒரு நாள் மனசு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பேனா முள் இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது, பார்த்திருப்பீர்கள்.

தோல் பதமாக ஊறும் பட்டைத் தண்ணீரிலிருந்து அதை எடுத்ததும் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டிப் பார்க்கிறவர் நீங்கள்தானே? மேலே நல்ல நிறம் ஏறியிருந்தாலும் நடுவே பச்சையாக இருந்தால் திரும்பவும் தொட்டியில் போடச் சொல்வீர்கள். சாயபு அவசரப்படுத்தினாலும் கேட்க மாட்டீர்கள். அந்த மனுஷனைத்தான் நான் கட்டிக்கொண்டேன். உங்களுக்குத் தண்ணீர் நிஜமாகவே பட்டது. அது நடு வரைக்கும் ஊறினதா என்று கேட்க நான் யார்?

செண்பகம் தினமும் அழுகிறாள். அண்ணன் வேலை போய்விடும் அண்ணி, ஊர் சிரிக்கும் என்கிறாள். எனக்கு மட்டும் தெரியாதா? உங்களை வெள்ளை அங்கியில் பார்க்க எனக்கும்தான் ஆசை.

ஆகையால் 27ஆம் தேதிக்கு முன்னால் எப்படியாவது லீவு கேட்டு வாருங்கள். நாம் மூன்று பேரும் போதகரிடம் போவோம். நீங்கள் வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அது பாவ அறிக்கை. நான் சொன்னால் கட்டினவரைக் காட்டிக்கொடுத்தேன் என்று ஆகும். நீங்கள் வராவிட்டாலும் அன்று கூப்பிட்டால் நான் எழுந்து நிற்கத்தான் போகிறேன். எழுந்து நின்ற பிறகு எனக்குப் பொய் வராது.

பதில் காகிதம் போட வேண்டாம். காகிதத்தில் நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். என் தலையில் தண்ணீர் விழும் நாளில் நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், உபதேசியாராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்களை அங்கே காக்கிற தேவன் வழியிலும் கூட வந்து பத்திரமாகச் சேர்ப்பாராக. வாருங்கள்.

உங்கள் மனைவி
பூவம்மாள்